ஈஸ்டர் தேதி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

இந்த எபிசோடில் ஒரே ஒரு தேதியைப் பற்றித்தான் பேசப்போறேன். கிறிஸ்துமஸ் என்றைக்கு என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் டிசம்பர் 25 என்று சொல்லிடுவாங்க. ஈஸ்டர் என்றைக்கு என்று கேட்டால் காலண்டரைத் தேடுவோம். 2024-ல் மார்ச் 31. 2025-ல் ஏப்ரல் 20. 2026-ல் ஏப்ரல் 5. சாம்பல் புதன், குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தெகோஸ்தே எல்லாமே இந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு கூடவே நகரும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தோணாது. தீபாவளி நகருது, தைப்பூசம் நகருது, ரம்ஜான் வருஷம் முழுக்கச் சுத்தி வருது. நிலாவைப் பார்த்து நாள் குறிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் ஈஸ்டர் விஷயத்தில் சிக்கல் கொஞ்சம் அதிகம். அதற்கு சூரியன் வேணும், நிலா வேணும், கிழமையும் வேணும். மூன்றும் ஒத்துப்போகணும். அந்த மூன்றுக்கும் தனித்தனி அர்த்தம் வைத்திருந்தாங்க. அந்த அர்த்தத்துக்காக ஆயிரத்து சொச்சம் வருஷம் சண்டை போட்டாங்க. ஒரு அரண்மனையில் ராஜா ஈஸ்டர் விருந்து சாப்பிட, ராணி இன்னும் நோன்பில் இருந்த கதையெல்லாம் இதில் உண்டு.

முதலில் பேரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஈஸ்டர். உலகத்தின் பெரும்பாலான மொழிகளில் அது பேர் இல்லை. கிரேக்கத்தில் 'பாஸ்கா', பிரெஞ்சு, இத்தாலியன், ரஷ்யன் எல்லாவற்றிலும் அதே சொல்லின் திரிபுதான். எபிரேய மொழியின் 'பெசாக்' அதற்கு மூலம். யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இரவை நினைவுகூரும் விழா அது. தமிழிலும் இந்தச் சொல் இருக்கு: கத்தோலிக்கர்கள் 'பாஸ்கா' என்பாங்க, புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 'பஸ்கா'. ஒரு கால் எழுத்து வித்தியாசம். ஆக, பேரே சொல்லிடுது, கிறிஸ்தவர்களின் இந்த விழா வேறொரு விழாவுக்குள் பிறந்தது என்று.

யூத காலண்டரில் நிசான் மாதம் 14-ம் நாள் பிற்பகலில் பாஸ்கா ஆட்டுக்குட்டியை வெட்டுவாங்க. அமாவாசைக்குப் பிறகு பிறை தெரிந்ததிலிருந்து எண்ணினால் 14 என்பது கிட்டத்தட்ட பௌர்ணமி. வசந்த காலத்துப் பௌர்ணமி. இயேசு சிலுவையில் அறையப்பட்டது இந்த நாட்களில்தான். யோவான் நற்செய்தியின்படி கணக்குப் பார்த்தால், ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் அந்த 14-ம் நாளிலேயே அவர் இறக்கிறார். மற்ற மூன்று நற்செய்திகளிலும் கடைசி இராவுணவே பாஸ்கா விருந்து. அப்படியானால் மரணம் மறுநாள் ஆகுது. இந்த ஒரு நாள் வித்தியாசத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் எழுதிக்கொண்டே இருக்காங்க. ஆனால் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு என்பதில் நாலு நற்செய்திகளும் ஒரே குரல்.

இப்போ பிரச்சினை புரியுதா? ஒரு நிகழ்வின் ஆண்டு நினைவைக் கொண்டாடணும். அதன் ஒரு முனை நிலாவின் தேதி, 14. இன்னொரு முனை கிழமை, ஞாயிறு. அடுத்த வருஷம் 14-ம் நாள் செவ்வாயில் வந்தால் என்ன செய்வது? எங்க வேலையில் சொல்வதானால், கணக்கில் பிழை இல்லை, ரெக்வயர்மென்ட்டிலேயே குழப்பம்.

சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியில் இருந்த சபைகள் 14-ம் நாளையே வைத்துக்கொண்டாங்க. எந்தக் கிழமையானாலும் சரி. அவங்களுக்கு முக்கியம் ஆட்டுக்குட்டி. கிறிஸ்துவே நம்முடைய பாஸ்கா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே, அதன் நேரடி வடிவம் இது. ரோமில் ஞாயிறுதான். உயிர்ப்பு என்பது புதிய படைப்பு. ஆதியாகமத்தில் வெளிச்சம் உண்டானதும் முதல் நாள்தானே. அதையே ஏழு நாள் முடிந்த பிறகு வரும் 'எட்டாம் நாள்' என்றும் சொன்னாங்க, வாரக் கணக்குக்கு வெளியே நிற்கும் நாள். பழைய ஞானஸ்நானக் கட்டடங்கள் பல எட்டு மூலையோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். ரோமில் லாட்டரன் ஞானஸ்நானக் கூடம் அப்படித்தான் இருக்கு.

அதாவது, ஒரே விழாவில் மரணத்தை மையமா வைக்கிறதா, உயிர்ப்பை மையமா வைக்கிறதா என்கிற கேள்வி, தேதிச் சண்டையாக வெளியே வந்தது.

சுமார் கி.பி. 155-ல் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பாலிகார்ப், அப்போ ரொம்ப முதியவர், ரோமுக்குப் போய் அங்குள்ள ஆயர் அனிசேட்டஸைச் சந்திக்கிறார். தேதி விஷயத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை. என்ன பண்ணாங்க? விட்டுட்டாங்க. அனிசேட்டஸ் தன் சபையில் நற்கருணை வழிபாட்டை நடத்தும் மரியாதையை விருந்தாளிக்கே கொடுத்தார். சமாதானமாகப் பிரிந்தார்கள். இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான், இதற்குப் பிறகு இப்படி ஒன்று அதிகம் வராது.

அடுத்த தலைமுறையிலேயே, சுமார் 190-ல், ரோம் ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை மொத்தமாக விலக்கி வைக்கப் பார்த்தார். எபேசு ஆயர் பாலிகிரேட்டஸ், எங்க ஊரில் அப்போஸ்தலர்களின் கல்லறைகளே இருக்கு, அவங்க வழியைத்தான் நாங்க பின்பற்றுறோம் என்று பதில் எழுதினார். லியோன் நகரத்து ஐரேனியஸ் தலையிட்டு, முன்னே பாலிகார்ப்பும் அனிசேட்டஸும் நடந்துகொண்டதை விக்டருக்கு ஞாபகப்படுத்தினார். ஐரேனியஸ் என்ற பேருக்கே சமாதானமானவர் என்றுதான் பொருள். வரலாற்றாசிரியர் யூசிபியஸ் இதைக் குறிப்பிட்டு, பேருக்கு ஏற்ற மனிதர் என்கிறார்.

காலப்போக்கில் ஞாயிறு பக்கம் வென்றது. ஆனால் எந்த ஞாயிறு? 14-ம் நாளுக்கு அடுத்த ஞாயிறு. சரி, 14-ம் நாள் எது என்று யார் சொல்றது? அக்கம்பக்கத்து யூதர்களைத்தான் கேட்கணும். அவர்களுடைய மாதம் பிறையைக் கண்ணால் பார்த்துத் தொடங்கிய காலம் அது. வசந்தம் தள்ளிப்போனால் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பாங்க, நம்ம ஊர் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருகிற மாதிரி. கிறிஸ்தவர்கள் பல ஊர்களில் அவர்களுடைய அறிவிப்புக்காகக் காத்திருந்தாங்க.

325-ல் நைசியா சங்கம் கூடுகிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டியது. ஆரியஸ் விவகாரம்தான் பெரிய தலைப்பு. ஆனால் ஈஸ்டரும் பட்டியலில் இருந்தது. எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடணும், யூதக் கணக்கைச் சார்ந்திருக்கக் கூடாது என்று முடிவானது. 'சம இரவு நாளுக்குப் பிறகு வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு' என்ற சூத்திரத்தை நைசியா எழுதி வைத்ததாகப் பல இடங்களில் படிப்பீங்க. சங்கத்தின் 20 சட்டங்களில் அப்படி ஒரு வரி கிடையாது. முடிவு மட்டும் கடிதங்கள் வழியாகத் தெரியும். சூத்திரம் அலெக்சாந்திரியாவின் வழக்கத்திலிருந்து மெல்ல மெல்ல எல்லாருக்கும் வந்தது.

அந்தக் கடிதங்களில் கான்ஸ்டன்டைனுடையதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கும். யூதர்களைப் பற்றி அவ்வளவு கசப்பு. அவர்களுடைய வழக்கத்தைப் பின்பற்றுவது நமக்குத் தகுதியில்லை, அவர்களோடு நமக்குப் பொதுவாக எதுவுமே இருக்க வேண்டாம் என்கிற தொனி. ஒரே தேதி வேண்டும் என்ற ஆசை ஒற்றுமைக்கானது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். பாதி உண்மை. இன்னொரு பாதி, யாரிடமிருந்து பிரிந்து நிற்கிறோம் என்று காட்டுவது. இதைக் கடந்துபோய்ட்டு ஈஸ்டர் தேதியின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாக இருக்காது என்று நினைக்கிறேன். 386, 387-ல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய பிரசங்கங்கள் யூதர்கள் மீது பாய்கின்றன. ஆனால் அவை எதற்காக? அவருடைய சபை மக்களே யூத விழாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தாங்க. தெருவில் இருந்த சாதாரண மக்களுக்கு அந்தப் பிரிவு அவ்வளவு அவசரமாகத் தேவைப்படலை. மேடையில் இருந்தவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. அந்தப் பிரசங்கங்களை, பல நூற்றாண்டு கழித்து, யூதர்களை வேட்டையாடியவர்களும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

சரி, யூதக் கணக்கு வேண்டாம் என்றால் சொந்தக் கணக்கு வேணும். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி ஆரம்பம்.

19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் கிட்டத்தட்ட சமம். கிரேக்க வானியலில் மெட்டான் பேரில் வழங்கும் சுழற்சி இது, பாபிலோனியர்களுக்கும் தெரியும். அதாவது இந்த வருஷம் ஏப்ரல் 5-ல் பௌர்ணமி என்றால் 19 வருஷம் கழித்தும் அதே தேதியை ஒட்டி வரும். ஆக, 19 வரிசை கொண்ட ஒரு அட்டவணை போதும், வானத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரு லுக்கப் டேபிள். கிழமைகளும் லீப் வருஷமும் சேர்ந்து திரும்ப 28 வருஷம் ஆகும். 19-ஐ 28-ஆல் பெருக்கினால் 532. பழைய ஜூலியன் காலண்டரில் 532 வருஷத்துக்கு ஒரு முறை ஈஸ்டர் தேதிகளின் முழு வரிசையும் அப்படியே திரும்ப வரும்.

வானியலுக்குப் பேர்போன அலெக்சாந்திரியா இதில் முன்னே நின்றது. அதன் ஆயர் வருஷா வருஷம் ஒரு கடிதம் அனுப்பி, இந்த ஆண்டு ஈஸ்டர் இன்ன நாள் என்று அறிவிப்பார். அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய அப்படியொரு ஈஸ்டர் கடிதத்தில், போகிற போக்கில், எந்தெந்தப் புத்தகங்கள் புதிய ஏற்பாடு என்று ஒரு பட்டியல் கொடுத்தார். இன்றைக்கு நம்ம கையில் இருக்கும் அதே 27 புத்தகங்கள். அந்த 27-ஐயும் கூடாமல் குறையாமல் சொல்லும் முதல் பட்டியலாக நமக்குக் கிடைத்திருப்பது அதுதான். தேதி அறிவிக்கும் சர்க்குலரில்!

அடுத்தது இதைவிடப் பெரியது. 525-ல் ரோமில் டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி ஈஸ்டர் அட்டவணையை நீட்டித்து எழுதுகிறார். 'எக்ஸிகுவஸ்' என்றால் சின்னவர். தன்னைத்தானே தாழ்த்திச் சொல்லிக்கொண்ட பேர். அதுவரை இருந்த அலெக்சாந்திரிய அட்டவணையில் ஆண்டுகளை டயோக்ளீஷியன் பேரரசர் பதவியேற்ற 284-லிருந்து எண்ணியிருந்தாங்க. டயோக்ளீஷியன் யார்? கிறிஸ்தவர்களைக் கொடூரமாகத் துன்புறுத்தியவர். கிறிஸ்து உயிர்த்த நாளின் அட்டவணையில் அந்த ஆளின் பேர் எதற்கு என்று டயோனிசியஸ் நினைத்தார். அதை எடுத்துவிட்டு, கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணினார். டயோக்ளீஷியன் 247-க்கு அடுத்த வரி, 532 என்று ஆனது. நாம் இன்றைக்கு ஆதார் கார்டில் போடும் வருஷம், உங்க போனின் மூலையில் இருக்கும் வருஷம், எல்லாம் ஒரு ஈஸ்டர் அட்டவணையின் ஓரத்தில் பிறந்த எண். கணக்கு துல்லியமா என்றால், ஏரோது ராஜா கி.மு. 4-ல் இறந்திருப்பதால், இயேசு அதற்கு முன்பே பிறந்திருக்கணும் என்பார்கள்.

இதில் இன்னொரு அழகு உண்டு. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் அதே டயோக்ளீஷியன் ஆண்டை விடவே இல்லை, இன்றும் எண்ணுகிறார்கள். ஆனால் அதற்கு 'மறைசாட்சிகளின் ஆண்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருத்தர் கொடுங்கோலனின் பேரை அழித்தார், இன்னொருத்தர் அவனால் செத்தவங்க பேரில் அதை மாற்றிக்கொண்டார்.

இப்போ அந்த அரண்மனைக் கதைக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டு, வட இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா. ராஜா ஓஸ்வியு அயர்லாந்துத் துறவிகளிடம் கிறிஸ்தவம் கற்றவர். அவங்க 84 வருஷப் பழைய சுழற்சியைப் பயன்படுத்தினாங்க. ராணி ஈன்ஃப்ளெட் தெற்கே கென்ட்டில் வளர்ந்தவர். அங்கே ரோமின் கணக்கு. சில வருஷங்களில் ராஜா நோன்பு முடித்து ஈஸ்டர் கொண்டாடும்போது ராணியும் அவர் ஆட்களும் அப்போதுதான் குருத்து ஞாயிறு கொண்டாடிக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் தவக்காலத்தில் இருப்பாங்க. ஒரே வீடு, ஒரே அடுக்களை. இதை நமக்குச் சொல்வது பீட் என்ற துறவி, 731-ல் முடித்த தன் வரலாற்று நூலில்.

664-ல் ஹில்டா என்ற பெண் துறவி தலைமை வகித்த விட்பி மடத்தில் இரண்டு தரப்பும் ராஜா முன்னால் வாதிட்டன. அயர்லாந்துத் தரப்பில் ஆயர் கோல்மன். ரோம் தரப்பில் இளைஞரான வில்ஃப்ரிட். கோல்மன் அப்போஸ்தலர் யோவானையும் தங்கள் மடத்தை நிறுவிய கொலம்பாவையும் சாட்சிக்கு இழுத்தார். வில்ஃப்ரிட், உலகமே ஒரு பக்கம் இருக்க இரண்டு தீவின் ஓரத்தில் இருக்கும் சில பேர் மட்டும் எதிர்த்து நிற்பதா என்று கேட்டார். கடைசியில் பரலோகத்தின் சாவி பேதுருவிடம் கொடுக்கப்பட்டதை எடுத்தார். ராஜா கோல்மனைப் பார்த்து, இது உண்மையா என்றார். உண்மைதான். கொலம்பாவுக்கு அப்படி ஏதாவது கொடுக்கப்பட்டதா? இல்லை. அப்படியானால் வாசல்காரரை நான் பகைத்துக்கொள்ள மாட்டேன், நாளைக்கு நான் போய் நிற்கும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். 19 வருஷச் சுழற்சி 84 வருஷச் சுழற்சியைவிடத் துல்லியமானதுதான். ஆனால் ஜெயித்தது அதனால் இல்லை.

கோல்மன் சண்டை போடவில்லை. அயர்லாந்துத் துறவிகளையும், கூட வந்த சுமார் 30 ஆங்கிலேயத் துறவிகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பி, அயர்லாந்தின் மேற்குக் கடலில் இனிஷ்போஃபின் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். பீட் ரோம் கணக்கின் தீவிர ஆதரவாளர், இருந்தும் அந்தத் துறவிகளின் எளிமையை வாய்நிறையப் புகழ்கிறார். அது அவருடைய பெருந்தன்மை.

பீட் 725-ல் காலக்கணக்கைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். ஏன் சம இரவு நாளுக்குப் பிறகு? ஏனென்றால் அதன் பிறகுதான் பகல் இரவை விட நீளுது, வெளிச்சம் இருட்டை ஜெயிக்குது. ஏன் பௌர்ணமி? அதன் பிறகு தேயும் நிலா தன் ஒளி முகத்தைப் பூமியிலிருந்து விலக்கி வானத்தை நோக்கித் திருப்புது. மனித மனமும் அப்படித் திரும்பணும். ஏன் ஞாயிறு? அது உயிர்ப்பின் நாள். அந்த மூன்றும் ஒன்றாக நடக்கும் தருணம்தான் ஈஸ்டர். அவருடைய மடத்தலைவர் செயோல்ஃப்ரித், பிக்ட் இனத்து ராஜாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு படி மேலே போகிறார். சம இரவுக்கு முந்தின பௌர்ணமியை எடுக்கிறவன், சூரியன் ஜெயிக்கும் முன்பே நிலா முழுமையாகிவிடும் என்கிறான். அதாவது கிறிஸ்துவின் அருள் முன்னால் வராமலேயே மனிதன் தானாக மீட்படைய முடியும் என்கிறவர்களோடு சேர்ந்துகொள்கிறான் என்று வாதம். கணக்கு ஒரு மாதம் தப்பினால் அது பெலேஜியஸின் பேதகம்! மிகைதான். ஆனால் சூரியன் என்றால் கிறிஸ்து, நிலா என்றால் அவர் ஒளியை வாங்கித் தரும் சபை என்று வானத்தையே வேதம் மாதிரி வாசித்தவர்களுக்கு அது மிகையாகத் தெரிந்திருக்காது.

இந்த 'ஈஸ்டர்' என்ற ஆங்கிலப் பேர், ஈஸ்ட்ரே என்ற தேவதையின் மாதத்திலிருந்து வந்தது என்று சொன்னதும் பீட்தான். அந்தத் தேவதையைப் பற்றிச் சொல்லும் பழைய எழுத்து அவருடையது ஒன்றுதான். முட்டை, முயல் என்று இணையத்தில் அவளைப் பற்றிச் சுற்றும் மற்றதெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை.

அட்டவணைகளுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக அழுகும். ஜூலியன் ஆண்டு 365.25 நாள், உண்மையான சூரிய ஆண்டு 365.2422. வருஷத்துக்கு 11 நிமிஷம் வித்தியாசம். 128 வருஷத்தில் ஒரு நாள். நைசியா காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி இருந்த சம இரவு நாள், 16-ம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. நிலா அட்டவணையும் மூன்று நாளுக்கு மேல் தப்பியிருந்தது. வானத்தில் பௌர்ணமி முடிந்து நிலா தேய்வதை விவசாயி கண்ணால் பார்க்கிறார். சர்ச் அட்டவணை பௌர்ணமி இன்னும் வரலை என்கிறது. ரோஜர் பேகன் 1267-லேயே போப்புக்கு இதை எழுதிக் கொதித்தார். கோப்பர்நிக்கஸிடம் யோசனை கேட்டபோது, முதலில் ஆண்டின் நீளத்தை ஒழுங்காக அளக்கணும் என்றார்.

கடைசியில் 1582-ல் போப் பதிமூன்றாம் கிரகோரி திருத்தினார். யோசனை இத்தாலிய மருத்துவர் லூயிஜி லிலியோவுடையது, அவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அதை விளக்கித் தற்காத்தவர் சேசு சபைக் கணித அறிஞர் கிளேவியஸ். அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. அவிலாவின் தெரேசம்மாள் அந்த இரவில்தான் ஸ்பெயினில் இறந்தார். மறுநாள் 15-ம் தேதி அடக்கம். அவருடைய விழா இன்றும் அக்டோபர் 15-ல்தான் வருது. விவசாயத்துக்காகவோ வரிக்காகவோ அந்தப் பத்து நாள் அழிக்கப்படவில்லை. ஈஸ்டருக்காக. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும் காலண்டர் அந்தத் திருத்தத்தின் மிச்சம்.

சம இரவு நாளைச் சரிபார்க்க சர்ச் கட்டடங்களையே கருவியாக்கினார்கள். இத்தாலியின் பொலோனியாவில் சான் பெட்ரோனியோ தேவாலயத்துக்குப் போனால், கூரையில் ஒரு சின்னத் துளை, தரையில் 66 மீட்டருக்கும் மேல் நீளும் ஒரு கோடு இருக்கும். 1655-ல் வானியலாளர் கசினி போட்டது. நண்பகலில் சூரிய ஒளி அந்தக் கோட்டின் மேல் விழும் இடத்தை வைத்து நாளை அளக்கலாம். கலிலியோவை 1633-ல் விசாரித்துத் தண்டித்த அதே சபையின் தேவாலயம்.

புராட்டஸ்டன்ட் நாடுகள் போப்பின் காலண்டரை ஏற்க ரொம்ப நாள் ஆனது, இங்கிலாந்து 1752 வரை இழுத்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்கு இன்றும் பழைய ஜூலியன் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. அவர்களுடைய மார்ச் 21, நம்முடைய ஏப்ரல் 3. அதனால்தான் 2024-ல் மேற்கே மார்ச் 31, கிழக்கே மே 5. லெபனான் மாதிரி இடங்களில் அப்பா ஒரு சபை, அம்மா ஒரு சபை என்ற குடும்பங்களில் ஓஸ்வியு வீட்டு நிலைமை இப்பவும் நடக்குது.

மேற்கத்திய கணக்கும் வானத்தைப் பார்ப்பதில்லை, அட்டவணையைத்தான் பார்க்குது. 2019 ஞாபகம் இருக்கா? மார்ச் 21 அன்று, நம்ம பங்குனி உத்திரத்தன்றே, சம இரவும் பௌர்ணமியும் சில மணி நேர இடைவெளியில் வந்தன. விதியை வானத்தில் ஓட்டிப் பார்த்தால் ஈஸ்டர் மார்ச் 24. ஆனால் சர்ச் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி மார்ச் 21-க்கு முன்பே கழிந்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்குப் போனார்கள். ஏப்ரல் 21 என்றானது. கிட்டத்தட்ட ஒரு மாதம்.

இதைத் தீர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. பிரிட்டன் நாடாளுமன்றம் 1928-ல் ஏப்ரலின் இரண்டாவது சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு என்று சட்டமே போட்டது. அது இன்று வரை நடைமுறைக்கு வரவில்லை. 1997-ல் சிரியாவின் அலெப்போவில் கூடிய ஒரு ஆலோசனைக் கூட்டம் சொன்ன யோசனை எனக்கு நியாயமாகப் படுது: நைசியா விதியை வைத்துக்கொள்வோம், ஆனால் எருசலேமின் தீர்க்கரேகையை ஆதாரமாக வைத்து உண்மையான வானியல் கணக்கைப் பயன்படுத்துவோம். நிலையான ஞாயிறு ஒன்றைக் குறித்தால் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் வசதி, ஆனால் நிலா போய்விடும். நிலா போனால் பாஸ்காவோடு இருக்கும் கடைசிக் கயிறும் அறுந்துவிடும். அலெப்போ யோசனையில் அந்தக் கயிறு இருக்கு. இரண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், அதனாலேயே நகரலை.

2025-ல் நைசியாவுக்கு 1700 வருஷம். தற்செயலாக அந்த வருஷம் கிழக்கு, மேற்கு இரண்டின் ஈஸ்டரும் ஏப்ரல் 20-ல் சேர்ந்து வந்தது. பொதுவான ஒரு தேதிக்குத் தன் சபை தயார் என்று சொல்லிவந்த போப் பிரான்சிஸ், மறுநாள் ஏப்ரல் 21 காலையில் இறந்தார்.

கோட் எழுதுகிறவங்களுக்குக் கடைசியாக ஒன்று. மாபெரும் கணித மேதை கௌஸ் 1800-ல் ஈஸ்டருக்கு ஒரு சூத்திரம் கொடுத்து, 1816-ல் அதையே திருத்த வேண்டி வந்தது. இன்று பி.எச்.பி. மொழியில் ஈஸ்டர் தேதிக்கென்றே தனி ஃபங்ஷன் இருக்கு. பைதானின் டேட்யூட்டில் லைப்ரரியில் மேற்கு, ஆர்த்தடாக்ஸ், பழைய ஜூலியன் என்று மூன்று வழியும் இருக்கு, சபைப் பிளவு அப்படியே மூன்று கான்ஸ்டன்ட்டாக. அந்த பி.எச்.பி. ஃபங்ஷன் ரொம்ப காலம் 2037 வரைக்கும்தான் வேலை செய்யும் என்று ஆவணத்தில் போட்டிருந்தது, 32 பிட் நேர எண்ணிக்கை 2038 ஜனவரி 19-ல் நிரம்பி வழிவதால். அந்த வழிதலுக்குப் பிறகு வரும் முதல் ஈஸ்டர் ஏப்ரல் 25. கிரகோரி கணக்கில் ஈஸ்டர் வரக்கூடிய ஆகக் கடைசித் தேதி அது. இதற்கு முன்னால் 1943-ல் வந்தது. அந்த வருஷம் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரும் அதே நாள். காலண்டரில் குறித்து வையுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.